பெருந்துறையைக் காணோம்

அன்று காலை ரேடியோவில் பெருந்துறையைக் காணோம்.

மற்ற கார் பந்தய அணிகளில், ரேடியோ சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க ஓட்டுநர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். எங்கள் நந்தீஸ் எண்ண மாட்டான். அவன் அப்பா செங்கோடன் நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டுகிறவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், இவன் அப்பா பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கேரளா வரைக்கும் போய்வருவான். அந்த வழியில் வரும் ஊர்களைத்தான் ரேடியோவில் சொல்வான். "நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு, பெருந்துறை, அவிநாசி, கோயமுத்தூர், வாளையார். கேக்குதுங்களாக்கா?" கேட்கிறது, கிளம்பு என்பேன். எந்த நாட்டில் பந்தயம் நடந்தாலும் எங்கள் கார் நாமக்கல்லில் இருந்துதான் புறப்படும்.

நான் கோகிலவாணி. இரும்பொறை ரேசிங் அணியில் நந்தீஸுக்கு ரேஸ் எஞ்சினியர். காரில் ஏறிவிட்டால் அவன் காதில் விழுகிற ஒரே குரல் என்னுடையதுதான். எப்போது டயர் மாற்றுவது, எப்போது முந்துவது, பின்னால் எவன் வருகிறான், எல்லாம் நான் சொல்ல வேண்டும். அவன் பேசுகிற விதத்தை வைத்தே ராத்திரி தூங்கினானா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் ஈரோட்டிலிருந்து நேராக அவிநாசிக்கு அவன் தாவியதும் உடனே கேட்டேன்.

"பெருந்துறை எங்கடா போச்சு?"

"சொன்னனேக்கா."

சொல்லவில்லை. பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இல்லை. அடுத்த வாரம் அவிநாசியும் போனது. ரசிகை ஒருத்தி தொப்பியை நீட்டினாள். 'நந்தீ' என்று எழுதிவிட்டு, பேனாவைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். அந்தப் பெண் அதையும் அழகு என்று நினைத்துச் சிரித்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

இந்த மறதி எப்போது ஆரம்பித்தது என்று யோசித்தால் ஒரே ஒரு பதில்தான். புது அடித்தளம் வந்த பிறகு.

அடித்தளம், எங்கள் பேச்சில் ஃப்ளோர், என்றால் காரின் வயிறு. பந்தயக் காரின் வேகம் எஞ்சினில் இருக்கிறது என்று ஊர் முழுக்க நினைக்கிறது. பாதி வேகம் அந்த வயிற்றில்தான் இருக்கிறது. செங்கோடண்ணன் ஒருமுறை கோயமுத்தூருக்கு வெளியே இருக்கும் எங்கள் சோதனைத் தடத்துக்கு வந்தபோது, நேர்ப்பாதையில் கார் தட்தட்தட்டென்று துள்ளுவதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"ஏனம்மிணி, இந்தக் குதி குதிக்குது? லோடில்லாத லாரியாட்டவே இருக்குதே?"

"காருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற சந்துல காத்து வேகமா ஓடுதுங்கண்ணா. அப்ப கார் ரோட்டோட ஒட்டிக்கும். ஒட்டுனாத்தான் வளைவுல வேகமாத் திரும்ப முடியும். ஆனா ரொம்ப ஒட்டுச்சுன்னா காத்துக்கு வழி அடைஞ்சு பிடி விட்டுருது. விட்டதும் கார் மேல எழும்புது. எழும்புனதும் காத்து பூந்து மறுபடி இழுக்குது. அதுதான் குதிக்குது."

"பையனுக்கு முதுகு போயிருமே."

"எல்லா அணியிலயும் இதுதாங்கண்ணா நெலம. அதனாலதான் பந்தய ஆணையம் காருக்குள்ள ஒரு சென்சார் வெச்சிருக்காங்க. கார் அளவுக்கு மீறிக் குதிச்சா அது காட்டிக் குடுத்துரும். தண்டன உண்டு."

"எங்க லாரிலயும் அப்படி ஒண்ணு வெச்சாத் தேவல. முட்ட உடைஞ்சா எங்க தலையிலதான் விடியுது" என்று சிரித்தார். வந்ததற்கு அடையாளமாக ஒரு தட்டு முட்டையை மெக்கானிக்குகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்கே போனாலும் அவர் கையோடு ஒரு தட்டு முட்டை இருக்கும்.

அதற்கடுத்த மாதம்தான் ஜெபராஜின் உயிர்த்தளம் வந்தது. ஜெபராஜ் எங்கள் காற்றியக்கப் பிரிவின் தலைவர், பெரிய படிப்பு, பேச்சில் குறை சொல்ல முடியாது. உயிர்த்தளத்தில் மீன் செதில் மாதிரி நூற்றுக்கணக்கான சின்னத் தகடுகள். ஒவ்வொன்றும் தானே அசையும், தானே கற்றுக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தின சுற்றைவிடக் கொஞ்சம் புத்திசாலியாகும். அது வந்த முதல் பந்தயத்திலேயே எங்கள் கார் குதிப்பதை நிறுத்தியது. சென்சார் கோடு குளத்துத் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. நந்தீஸ் ஜெயித்தான். அடுத்ததிலும் ஜெயித்தான். சாம்பியன் பட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. ஜெபராஜைத் தோளில் தூக்கி ஆடாத குறை.

குதித்த குதி எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் உட்பட.

பெருந்துறை தொலைந்த பிறகு கேட்டேன். அணி மருத்துவர் ஸ்கேன் எடுத்துவிட்டு ஒன்றுமில்லை, அசதி என்றார். தோட்டத்தில் களை எடுத்த அசதி மாதிரிச் சொன்னார். நான் ஜெபராஜின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஒரு கேள்வி. கார் குதிக்கற சக்தி இருக்கே, அது மாயமா மறைஞ்சுடுமா?"

"மறையாது மேடம். எங்கயாவது போகணும்."

"நம்ம கார்ல எங்க போகுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்லவர்கள் பொய் சொல்வதற்கு முன்னால் இப்படி எதையாவது துடைப்பார்கள். ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"ஒரு கயித்த ரெண்டு பேர் பிடிச்சு வேகமா ஆட்டுனா, நடுவுல ஒரு இடம் மட்டும் ஆடாம நிக்கும், பாத்திருப்பீங்க. காரோட சட்டமும் அப்படித்தான். ரொம்ப லேசா வளைஞ்சு நடுங்கும். கண்ணுக்குத் தெரியாது. சென்சார் இருக்கற இடம் ஆடாம நிக்கற மாதிரி நடுக்கத்த எப்படித் திருப்பறதுன்னு ஃப்ளோர் தானாவே கத்துக்கிச்சு."

"ஆடற முனை எங்க இருக்கு?"

"சீட்டுக்கு மேல."

"சீட்டுக்கு மேல என்ன இருக்கு ஜெபராஜ்?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"தல இருக்கு. அந்தப் பையனோட தல! காருக்கு ஸ்பிரிங்குக்குப் பதிலா அவன் மூளைய வெச்சிருக்கீங்க."

"மேடம், அதுக்கு மனசு கெடையாது. அது யாரையும் அடிக்கணும்னு நினைக்கல. சுத்து வேகமா வரணும், சென்சார் அமைதியா இருக்கணும்னு ரெண்டே ரெண்டுதான் நாம சொன்னோம். கார்ல இருக்கறதுலயே மெத்துன்னு இருக்கற பொருள் எதுன்னு அது தேடிருக்கு. கண்டுபிடிச்சிருச்சு."

"டிரைவரக் காப்பாத்துன்னு மூணாவதா ஒண்ணு சொல்லிருக்கலாமே?"

"விதிமுறையில டிரைவர் இல்லையே மேடம். சென்சார்தான இருக்கு."

மேஜையில் இருந்த பேனா ஸ்டாண்டைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். இன்று நினைத்தாலும் கை பரபரக்கிறது. ஒரு மனிதனைக் காப்பாற்ற ஒரு கருவியை வைத்தார்கள். கருவி பத்திரமாக இருக்கிறது. மனிதனைக் காணோம். இதற்குப் பெயர் முன்னேற்றமாம், அதற்கு நானும் கைதட்டியிருக்கிறேன்.

முதலாளி மகுடேஸ்வரனிடம் போனேன். இரும்பொறை லாரிகள் தெரியாதவர் கொங்கு நாட்டில் இல்லை. நாமக்கல்லில் இருந்து கிளம்பும் முட்டை லாரிகளில் பாதி அவர் கம்பெனியில் செய்தவை. பந்தய அணி வைத்திருப்பது அவருக்குக் கௌரவம். முழுதாகக் கேட்டார். பிறகு சென்சார் அறிக்கையை என் பக்கம் தள்ளினார்.

"எல்லாம் பச்சையாத்தான் இருக்குது. பையனுக்கு நல்லா ரெஸ்ட் குடுங்க. பட்டம் வர்ற நேரத்துல இப்படிக் கெளப்பாதீங்கம்மிணி."

பந்தய ஆணையத்துக்கு எழுதினேன். உங்கள் காரின் அதிர்வு அளவுக்குள் இருக்கிறது, வாழ்த்துகள் என்று பதில் வந்தது. வாழ்த்துகளாம்!

கடைசியாக நந்தீஸிடமே சொன்னேன். அவன் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"கார் இப்பத்தான்க்கா என் சொல்பேச்சு கேக்குது. விடுங்க."

"ஊர் பேரெல்லாம் மறக்குதேடா."

"ஊர் பேர் மறந்தா என்ன? வளைவு மறக்கல பாருங்க."

அதற்கு மேல் வாயால் பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. பார்க்கிறவர் கண்ணில் படும்படி எதையாவது செய்தால்தான் உண்டு. செங்கோடண்ணனுக்குப் போன் போட்டு ஒரு தட்டு முட்டை கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தனுப்பினார்.

எங்கள் தொழிற்சாலையில் முழுக் காரையும் நிறுத்திக் காற்றடிக்கிற பெரிய சுரங்கம் இருக்கிறது. காருக்கு அடியில் ரோட்டுக்குப் பதிலாக ஒரு பெல்ட் ஓடும். சீட்டில் பொம்மையை உட்கார வைத்து, அதன் ஹெல்மெட்டுக்குள் ஒரு முட்டையை வைத்தேன். நடுவில், சென்சாருக்குப் பக்கத்தில், ஒரு எஃகு டம்ளரில் இன்னொரு முட்டை. பஞ்சு இல்லை, துணி இல்லை, வெறும் டம்ளர். நேரில் வந்து பார்க்காவிட்டால் வேலையை விட்டுவிட்டுப் பத்திரிகைக்காரர்களிடம் போவேன் என்று சொல்லித்தான் முதலாளியை வரவழைத்தேன். வெள்ளை வேட்டியும் முகத்தில் எரிச்சலுமாக வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்.

காற்று எழும்பியது. பெல்ட் பந்தய வேகத்துக்கு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கார் சிலை போல நின்றது. கோடு தட்டையாக ஓடியது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஜெபராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிறுத்தச் சொல்லிவிட்டு, போய் ஹெல்மெட்டைக் கழற்றினேன். முட்டை ஓடும் மஞ்சளும் கலந்து கூழாகி வழிந்தன. என் மணிக்கட்டு வரைக்கும் வழிந்தது. அந்தக் கையோடு முதலாளி முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

"இதுதாங்க நந்தீஸ்! இதுதாங்க நீங்க கேட்ட பட்டம்!"

அவர் என் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, என்னைத் தாண்டிப் போய் டம்ளரில் இருந்த முட்டையை எடுத்தார். போனில் டார்ச்சைப் போட்டு, முட்டையை அதன்மேல் வைத்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முட்டை வியாபாரிகள் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிற விதம் அது. லாரிக்கு வருமுன் அவரும் அந்தத் தொழிலில் பிறந்து வளர்ந்தவர்தான்.

"ஒரு கீறல் கூட இல்ல" என்றார்.

நான் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் ஜெபராஜிடம் ஏதோ மெல்லக் கேட்டார். "இந்த ஆடாத எடத்தப் பெருசாக்க முடியுங்களா?" என்பது காதில் விழுந்தது. ஜெபராஜ் என்ன பதில் சொன்னார் என்று நான் கவனிக்கவில்லை. என் மனதில் நந்தீஸ் மட்டும்தான் இருந்தான்.

பிறகு முதலாளி என்னிடம் வந்தார். குரலே மாறியிருந்தது.

"ஃப்ளோரக் கழட்டிருங்கம்மிணி. பையன் உசுருதான் முக்கியம். பட்டம் போனாப் போகுது."

கையெடுத்துக் கும்பிட்டேன். இத்தனை நாள் இந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அன்று முழுக்க வருத்தப்பட்டேன். இப்போது அந்தக் கும்பிட்ட கையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

பழைய அடித்தளத்தோடு ஓடிய கடைசிப் பந்தயங்களில் கார் குதித்தது, பட்டமும் போனது. இறங்கி வந்த நந்தீஸ் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களைக் காப்பாத்துங்கன்னு நான் கேட்டனா? என் தல, என் இஷ்டம்! எங்கப்பா ஆயுசு முச்சூடும் அடுத்தவன் சரக்கச் சுமந்தாரு. எனக்குன்னு ஒண்ணு கெடைக்க இருந்துச்சு. அதப் புடுங்கிட்டீங்க மேடம்."

அக்கா இல்லை, மேடம். வாங்கிக்கொண்டேன். திட்டுகிற அளவுக்காவது அவன் இருக்கிறானே என்று இருந்தது. ஒரு வருடம் காரைத் தொடக்கூடாது என்று வெளி மருத்துவர் சொன்னார். அவன் திருச்செங்கோட்டில் வீட்டோடு இருந்தான். நானும் அணியை விட்டு வந்து ஒரு கல்லூரியில் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைப் பார்க்கப் போவேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு காபி கொண்டுவந்து வைத்தான். மழைக்காலம் முடியும்போது மறுபடியும் அக்கா ஆனேன். ஊர்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வாளையார் வந்தது, அவிநாசி வந்தது. தை பிறந்து ஒரு ஞாயிறு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே இருந்து கத்தினான்.

"நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு, பெருந்துறை, அவிநாசி, கோயமுத்தூர், வாளையார்! கேக்குதுங்களாக்கா?"

"கேக்குதுடா!"

இரண்டு பேரும் அழுதோம். அவன் அம்மா எங்களைப் பார்த்துத் தானும் அழுதுவிட்டு, வடைக்கு மாவாட்டப் போனார்.

அப்போதுதான் தெருவில் லாரி வந்து நின்றது. புதியது, பொங்கலுக்குப் போட்ட மாலையும் சந்தனமும் இருந்தன. நான் வருகிற ஞாயிறுகளில் செங்கோடண்ணன் லோடோடு போயிருப்பார், அதனால் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. முன்கண்ணாடிக்கு மேலே பெரிய எழுத்தில் 'தாலாட்டு' என்று இருந்தது. பக்கவாட்டில் தொட்டிலில் தூங்கும் ஒரு முட்டைப் படம், அதற்குக் கீழே 'ரேஸில் பிறந்தது, ரோட்டுக்கு வந்தது' என்ற வரி. செங்கோடண்ணன் இறங்கினார். கையில் வழக்கம்போல ஒரு தட்டு முட்டை.

"வாங்கம்மிணி! நல்ல நேரத்துல வந்தீங்க. வண்டியப் பாத்தீங்களா? எம்.டி. அய்யாவே கூப்புட்டு, நந்தீஸ் அப்பனுக்குத்தான் மொத வண்டின்னு சாவியக் கையில குடுத்தாருங்க. நம்ம பையன் ஓட்டுன காரோட ஃப்ளோருதானாமா இதுலயும். ரெண்டு மாசமா ஓட்டறனுங்க, ஒரு முட்ட உடையல!"

நான் குனிந்து லாரிக்கு அடியில் பார்த்தேன். நீளமான சட்டம் முழுக்க அதே கருப்புத் தகடுகள், மீன் செதில் மாதிரி. காரில் காற்றைத் திருப்பியவை இங்கே இரும்பை இறுக்கியும் தளர்த்தியும் நடுக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன. முட்டைகள் இருக்கும் இடம் முழுவதும் ஆடாத இடம். ஜெபராஜ் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டார். ஆடுகிற முனை எங்கே என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. முன்னால் கதவு திறந்தபடி கேபின் இருந்தது. உள்ளே டிரைவர் சீட், சாமி படம், ஒரு தண்ணீர் பாட்டில். காரிலாவது ஒரு சென்சார் இருந்தது. இங்கே அதுவும் இல்லை. முட்டைக்கு விலை உண்டு, அதனால் முட்டைக்குப் பாதுகாப்பு உண்டு.

அன்று என் கையில் வழிந்த மஞ்சளை அந்த மனிதர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் டம்ளருக்குப் போனார். முட்டை வியாபாரிக்கு முன்னால் உடையாத முட்டையை நானே கொண்டுபோய் வைத்திருக்கிறேன்.

"உடம்பு எப்படிங்கண்ணா இருக்கு?" என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லீங். தல மட்டும் கொஞ்சம் கனமா இருக்குது. வயசாகுதில்லீங்களா?"

நந்தீஸ் சந்தோஷத்தில் இருந்தான். தனக்கு எல்லா ஊரும் திரும்பக் கிடைத்த நாள். அப்பாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "எங்க, நீங்க ஒருக்கா ரேடியோ செக் பண்ணுங்கப்பா. அக்கா கேக்கட்டும்" என்றான்.

செங்கோடண்ணன் வெட்கத்தோடு தொண்டையைச் செருமினார்.

"நாமக்கல், திருச்செங்கோடு, ஈரோடு..." கொஞ்சம் நின்றார். "அவிநாசி, கோயமுத்தூர், வாளையார். கேக்குதுங்களா அம்மிணி?"

நந்தீஸ் கைதட்டிச் சிரித்தான்.

"பெருந்துறை எங்கப்பா போச்சு?"

"சொன்னனே சாமி."

நந்தீஸின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது. என்னைப் பார்த்தான். தோளில் இருந்த கையை எடுக்கவில்லை, இன்னும் இறுக்கிக்கொண்டான்.

நான் செங்கோடண்ணனின் சட்டைப் பையில் கையை விட்டு லாரிச் சாவியை எடுத்துக்கொண்டேன். அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை செய்கிற காரியமில்லை. அவர் திகைத்துப்போய்ச் சாவிக்குக் கையை நீட்டினார்.

"என்னம்மிணி இது? மத்தியானத்துக்குள்ள பாலக்காடு போவோணுங். லோடு நிக்குது."

"நிக்கட்டுமுங்கண்ணா."